போனவர்கள் விட்டுச்சென்ற சொல்

பல்கேரியாவின் மலையடிவாரக் கிராமங்களில், பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போன ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது, அவர் ஜெர்மனியில் இருக்கிறாரா ஸ்பெயினில் இருக்கிறாரா என்பது இரண்டாம்பட்சம். குர்பெத்தில் இருக்கிறான் என்பார்கள். ஆள் வீட்டில் இல்லை, உழைக்கப் போயிருக்கிறான், அவனுக்காக ஒரு வீடு காத்திருக்கிறது என்ற மூன்று செய்தியும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். போனவனுக்குப் பெயர் குர்பெத்சியா. தலைநகரான சோபியாவின் ஏட்டு மொழி இந்தச் சொல்லை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. பேச்சிலும் வட்டார வழக்கிலும் நாட்டுப் பாடலிலும்தான் அதற்குக் குடியிருப்பு. ஆனாலும் அந்த நாட்டின் இருநூறு ஆண்டுக் கதையை ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டுமானால், அரசர் பெயரையோ போர்களின் பெயரையோ தேட வேண்டியதில்லை. குர்பெத் போதும்.

சொல்லின் பயணம் நீண்டது. அரபு மொழியில் கர்ப் என்றால் மேற்கு, சூரியன் சாயும் திசை. சாய்வதும் மறைவதும் விலகிப் போவதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேரில் பிறந்த குர்பா, சொந்த மண்ணை விட்டு அயலாக வாழும் நிலையைக் குறித்தது. கரீப் என்பது அயலான். துருக்கியர் அதை குர்பெத் ஆக்கினார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரியத் தலைநகரான தர்னோவோ ஒட்டோமான்களிடம் வீழ்ந்தபின், 1878 வரை நீண்ட ஐந்து நூற்றாண்டு ஆட்சியில் அந்தச் சொல் ஸ்லாவிய நாவுகளிலும் ஏறியது. அல்பேனியர் அதையே குர்பெத் என்றும் கிரேக்கர் குர்பெத்தி என்றும் சொன்னார்கள். இதே வேரின் ஒரு கிளை நம் பக்கமும் வந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் அந்திப்பொழுதில் தொழும் மஃரிப், சூரியன் மறையும் வேளையின் பெயர். பாரசீகம் வழியாக இந்துஸ்தானிக்கு வந்த கரீப், அயலான் என்ற பொருளை உதறிவிட்டு ஏழை என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. 1971 தேர்தலில் நம் சுவர்களிலும் எழுதப்பட்ட கரீபி ஹடாவோ அதன் வழி வந்தது. அயலான் எப்படி ஏழை ஆனான் என்பதற்கு அகராதி விளக்கம் தரத் தேவையில்லை. சொந்தம் இல்லாத ஊரில் நிற்பவனிடம் எதுவும் இல்லை என்பதை மனிதர்கள் எல்லாக் காலத்திலும் கண்டிருக்கிறார்கள்.

செர்பியா, போஸ்னியா, மாசிடோனியா பகுதிகளில் வாழும் ரோமா மக்களில் ஒரு பிரிவினருக்கு இந்தச் சொல்லே இனப்பெயராகிவிட்டது. அவர்கள் குர்பெத்கள். இந்திய மண்ணிலிருந்து கிளம்பிப் பல நூற்றாண்டு நடந்த ஒரு கூட்டத்துக்கு, போய்க்கொண்டிருப்பதே அடையாளம் என்று பால்கன் நிலம் தீர்மானித்துவிட்டது போலும்.

பல்கேரிய வட்டார வழக்குகளை ஆராய்ந்தவர்கள் நாட்டின் குறுக்கே ஒரு கோட்டைக் காண்பார்கள். டான்யூப் கரையிலுள்ள நிக்கோபோலில் தொடங்கித் தெற்கே தெசலோனிகி நோக்கி இறங்கும் கோடு அது. அதற்குக் கிழக்கே பாலை ம்லியாகோ என்பார்கள், மேற்கே ம்லேகோ. இந்த வேறுபாடுகளை ஊர் ஊராகச் சேகரித்து வரைபடமாக்கும் பணியை முன்னின்று தொடங்கியவர் ஸ்தோய்கோ ஸ்தோய்கோவ். முதல் தொகுதி 1964இல் வந்தது. பால், அப்பம், வெள்ளை நிறம் என்று அன்றாடப் பொருள்களில் பிரியும் கிழக்கும் மேற்கும், வீட்டை விட்டுப் போவதைச் சொல்லும்போது குர்பெத்தில் ஒன்றுகூடிவிடுகின்றன. மேற்கு வழக்குகளில் கூடவே இன்னொரு சொல்லும் உண்டு: பெச்சல்பா. சம்பாதிக்கப் போதல் என்று பொருள், போனவர் பெச்சல்பார். சம்பாதிப்பதைக் குறிக்கும் இந்தச் சொல்லும், துயரத்தைக் குறிக்கும் பெச்சால் என்ற பழைய ஸ்லாவியச் சொல்லும் ஒரு தாய் மக்கள். கவலைப்படுதல் என்பது அந்தத் தாய். இன்றைய பல்கேரியத்தில் பெச்சல்பா வெறும் லாபம். கணக்குப் புத்தகத்தில் வரும் சொல். துயரத்தின் பங்கை உதறிவிட்டு லாபம் தனியே நகரத்துக்கு வந்துவிட்டது. குர்பெத் அப்படி வரவில்லை. அதனால்தான் அது இன்னும் கிராமத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பழைய குர்பெத்துக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய கதை முழுவதும் இதில்தான் திரும்புகிறது. பல்கேரியக் கிராமத்தின் ஆண்டுக்கு இரண்டு கதவுகள். ஒன்று புனித ஜார்ஜ் திருநாளான கெர்கியோவ்தென். இப்போது மே 6இல் கொண்டாடப்படுகிறது. கோடையைத் திறப்பவர் அவர். இன்னொன்று புனித திமித்ரி திருநாளான திமித்ரோவ்தென், அக்டோபர் 26. குளிரைக் கொண்டுவருபவர் அவர். மேய்ப்பர்களும் கொத்தனார்களும் பண்ணையாட்களும் முதல் கதவில் வேலைக்கு அமர்ந்து இரண்டாம் கதவில் கூலி வாங்கிக்கொண்டு விடுபட்டார்கள். சில வட்டாரங்களில் அந்த இலையுதிர்காலத் திருநாளுக்கே ராஸ்புஸ், அதாவது கலைந்து போகும் நாள் என்று பெயர். தோட்டக்காரர்கள் மட்டும் பனி உருகும் முன்பே கிளம்பிவிடுவார்கள், நாற்று காத்திருக்காது.

கிளம்பும் நாளின் சடங்கு எளிமையானது. வாசற்படிக்கு முன்னால் செம்புக் குடம் ஒன்று, நிறைய தண்ணீர், அதன் மேல் ஒரு பூங்கொத்து. போகிறவர் படியை விட்டு இறங்கும் தருணத்தில் வீட்டுப் பெண் குடத்தைக் காலால் தட்டிச் சாய்ப்பாள். நீர் பாதையில் ஓடும். அதன் மேல் மிதித்து அவர் நடப்பார். காரியம் நீர் ஓடுவது போலத் தடையின்றி ஓடட்டும் என்பது வேண்டுதல். பல்கேரியர் இன்றும் முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இதைச் செய்கிறார்கள், படைக்குப் போகிறவனுக்கும் தேர்வு எழுதப் போகிறவனுக்கும் செய்கிறார்கள். திருமணமாகிச் சில நாட்களிலேயே கணவனை வழியனுப்பிய பெண்களின் ஏக்கம் குர்பெத் பாடல்களில் நிறைந்து கிடக்கிறது. குடத்தைச் சாய்த்தவளுக்குத்தான் அந்தச் சொல்லின் முழு எடை தெரியும்.

பெண்களும் வீட்டில் இருந்துவிடவில்லை. பால்கன் மலைத்தொடரிலிருந்தும் ஸ்ரெத்னா கோராவிலிருந்தும் இளம்பெண்கள் கூட்டமாகத் திரேசியச் சமவெளிக்கு இறங்கிக் கோதுமை அறுத்தார்கள். அந்தச் சமவெளியை அவர்கள் ரோமானியா என்று அழைத்தது, பைசாந்தியப் பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதன் பெயர் அறுவடைப் பெண்களின் வாயில் பிழைத்திருந்ததற்குச் சான்று. ஆண்களில் மேற்கு எல்லையோரத்து திரன் வட்டாரத்தார் கல்லும் சாந்தும் தூக்கிச் செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் போனார்கள். பிராத்சிகோவோ கொத்தனார்கள் வேலைத்தலத்தில் அயலார் புரிந்துகொள்ளாதபடி அல்பேனியச் சொற்களைக் கலந்து தங்களுக்கென ஒரு மறைமொழியே வைத்திருந்தார்கள். கொப்ரிவ்ஷ்தித்சா வணிகர்கள் கெய்ரோ, அலெக்சாண்டிரியா வரை போய் வந்தார்கள்.

இவர்கள் எல்லோரிலும் உலகம் அதிகம் கண்டவர்கள் தர்னோவோ பக்கத்துத் தோட்டக்காரர்கள். லியாஸ்கோவெத்ஸ், திராகானோவோ, பொலிக்ரைஷ்தே என்ற சிற்றூர்களிலிருந்து தைஃபா எனப்படும் குழுக்களாக ஹங்கேரி, ஆஸ்திரியா, ருமேனியா, ருஷ்யா என்று பரவி, பின்னாளில் அர்ஜென்டினாவுக்கும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கும்கூடப் போனவர்கள் இவர்கள். கையில் கொண்டுபோனது விதையும் ஒரு நுட்பமும். ஆற்றோரத்தில் குத்தகை நிலம் பிடிப்பார்கள். தோலாப் என்னும் மரச்சக்கரத்தை நிறுவுவார்கள். குதிரை வட்டமிட்டு இழுக்கச் சக்கரம் சுழலும். அதில் கட்டிய வாளிகள் நீரை மொண்டு மேலே கொட்டும். வாதா என்ற வாய்க்கால் வழியே நீர் ஒவ்வொரு பாத்திக்கும் முறை வைத்துப் பாயும். மிளகாய், தக்காளி, முட்டைக்கோஸ், வெங்காயம் என்று ஒன்று எடுத்ததும் ஒன்று நடுவார்கள். நிலம் ஒரு வாரமும் சும்மா கிடக்காது. ஹங்கேரிய மொழியில் பல்கேரியத் தோட்டக்காரர் என்ற கூட்டுச்சொல் காய்கறி பயிரிடும் கலையில் தேர்ந்தவருக்குப் பெயராகவே நிலைத்தது. நீரேற்றும் அந்தச் சக்கரத்துக்குப் பல்கேரியச் சக்கரம் என்று பெயர். 1914இல் புதாபெஸ்தில் இவர்கள் சங்கம் அமைத்தார்கள். பிறகு தங்களுக்கென ஒரு தேவாலயமும் கட்டினார்கள். இன்று லியாஸ்கோவெத்ஸில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையிலேயே குர்பெத் இடம்பெற்றிருக்கிறது: குர்பெத்சித் தோட்டக்கலை அருங்காட்சியகம். ஏடு ஒதுக்கிய சொல்லை ஓர் ஊர் தன் நெற்றியில் எழுதிக்கொண்டது.

போனவர்கள் காசு மட்டும் அனுப்பவில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பல்கேரிய மொழியின் முதல் செய்தித்தாள் பல்கேரியாவில் அச்சாகவில்லை. 1846இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இவான் பொகோரோவ் தொடங்கிய ‘பல்கேரியக் கழுகு’ அது. முதல் நவீனப் பள்ளி 1835இல் கப்ரோவோவில் திறந்தபோது அதற்குப் பின்னால் நின்றவர் ஒடெஸ்ஸாவில் வணிகம் செய்துவந்த அந்த ஊர்க்காரரான வசில் அப்ரிலோவ். இன்று பல்கேரிய அறிவியல் கழகமாக இருப்பது 1869இல் ருமேனியாவின் பிரைலா துறைமுகத்தில் அகதிகளும் வணிகர்களும் கூடி அமைத்த இலக்கியச் சங்கம். இவான் வாசோவ் தன் நாட்டின் மகத்தான நாவலான ‘நுகத்தடியின் கீழ்’ நூலை எழுதியது ஒடெஸ்ஸாவில், நாட்டை விட்டு வெளியேறியிருந்த காலத்தில். ஏடு, பள்ளி, கழகம், நாவல் என்று ஒரு தேசம் தன்னைத் தேசமாக உணர்ந்துகொள்ளும் கருவிகள் எல்லாமே குர்பெத்தில் வார்க்கப்பட்டவை. அந்தக் கழகத்தின் அறிஞர்கள்தான் பின்னர் மொழியின் அகராதிகளைத் தொகுத்து எந்தச் சொல் நடுவீட்டுக்கு உரியது, எந்தச் சொல் திண்ணைக்கு உரியது என்று வகுத்தார்கள்.

1878க்குப் பிறகு துருக்கியச் சொற்களைக் களையும் வேலை மும்முரமாக நடந்தது. பொகோரோவ் அதில் முன்வரிசையில் நின்றவர். செய்தித்தாளைக் குறிக்கும் வெஸ்த்னிக், காத்திருப்பு அறையைக் குறிக்கும் சக்கால்னியா போன்றவை அவர் புனைந்தவையாகச் சொல்லப்படுகின்றன. இன்று எல்லோரும் புழங்கும் சொற்கள் அவை. சன்னலுக்கு இருந்த பெஞ்சேர் போய்ப் புரோஸோரெத்ஸ் நின்றது. சில சொற்கள் போக மறுத்தன. பைக்கு இருக்கும் சாந்தாவும் காலுறைக்கு இருக்கும் சொராப்பும் இன்றும் துருக்கியம் வழி வந்தவைதான். அயல் ஆட்சியின் கசப்பில் இருந்த மக்கள் தங்கள் மொழியைத் துடைத்தெடுக்க விரும்பியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குர்பெத்தைத் துடைக்க முடியாமல் போனதற்குக் காரணம், அது ஆட்சியாளரின் சொல்லாக இல்லை என்பதே. அதைச் சொல்லி அழுதவர்கள் ஆட்சி செய்யப்பட்டவர்கள். துருக்கியக் குடியானவனும் பல்கேரியக் குடியானவனும் அல்பேனியக் குடியானவனும் ஒரே விதமாக வீட்டை விட்டுப் போய் ஒரே சொல்லில் ஏங்கினார்கள். 1961இல் மேற்கு ஜெர்மனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டுத் துருக்கியர் லட்சக்கணக்கில் அங்கே தொழிலாளராகப் போனபோது, அவர்களுக்கும் வாய்த்த பெயர் குர்பெத்சி.

பேரரசு உடைந்ததும் எல்லைகள் வந்தன, நாட்காட்டி தடுமாறியது. 1919இல் நெய்யி உடன்படிக்கையோடு பல்கேரியா ஏஜியன் கடற்கரையை இழந்தது. குளிர்காலத்தில் ஆடுகளை ரோடோபே மலையிலிருந்து கடலோரப் புல்வெளிக்கு ஓட்டிச் சென்ற மேய்ப்பர்களின் பாதையில் காவல்சாவடி முளைத்தது. 1944க்குப் பின் வந்த பொதுவுடைமை அரசு எல்லைகளை இன்னும் இறுக்கியது. அப்போதும் குர்பெத் நிற்கவில்லை; அரசின் முத்திரையோடு நடந்தது. 1960களின் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான பல்கேரியர் சோவியத் வடக்கின் கோமி பனிக்காடுகளில் மரம் வெட்டினார்கள். அங்கே எழுந்த ஒரு குடியிருப்புக்குப் பல்கேரிய சோஷலிஸ்டு ஒருவரின் பெயரால் பிளகோயெவோ என்று பெயரிட்டார்கள். பொறியாளர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் லிபியாவுக்குப் போனார்கள். அந்த வழியில் பின்னாளில் பெங்காசிக்குப் போன ஐந்து பல்கேரியச் செவிலியர்கள், குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றைப் பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1999 முதல் சிறையில் கிடந்து, மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2007 ஜூலையில்தான் வீடு திரும்பினார்கள். பனியும் பாலைவனமும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன.

1989 கோடையை இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பல்கேரியாவில் வாழ்ந்த துருக்கியரின் பெயர்கள் வலுக்கட்டாயமாக மாற்றப்பட்டன. பொது இடத்தில் துருக்கிய மொழி பேசத் தடை விழுந்தது. பிறகு எல்லை திறக்கப்பட்டுச் சில மாதங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள். சுற்றுலாக் கடவுச்சீட்டோடு போனதால் அதற்குப் பெரிய உல்லாசப் பயணம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் கொடுமை இன்றும் ஆறவில்லை. அந்த மக்களின் மொழி வழியாக வந்த சொல்தான் பல்கேரியத் தாயின் வாயில் தன் மகனுக்காகத் தங்கியிருந்தது. மனிதரைத் துரத்திய அரசாலும் அந்தச் சொல்லைத் துரத்த முடியவில்லை.

அதன்பின் நடந்தது நம் தலைமுறை பார்த்துக்கொண்டிருப்பது. 1985 கணக்கெடுப்பில் 89 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 2021இல் 65 லட்சமாகக் குறைந்தது. போனவர்கள் பாதி காரணம், பிறவாத குழந்தைகள் மீதி. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் வழி இன்னும் எளிதானது. பெண்கள் இத்தாலிக்குப் போய் அங்குள்ள முதியவர்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். அந்த வேலைக்கு இத்தாலியர் வைத்த பதாந்தே என்ற சொல் பல்கேரியப் பேச்சிலும் ஏறிவிட்டது. பழைய குர்பெத் ஒட்டோமான் சாலையில் வந்தது போல, புதிய சொல் பேருந்தில் வந்திருக்கிறது. அயல்நாட்டு முதியவரின் கட்டிலருகே இருப்பவருக்குச் சொந்தத் தாய் ஊரில் தனியே இருக்கிறாள். பல்கேரியாவில் இறந்தவரின் படத்தோடு அச்சிட்ட தாளை வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டுவது வழக்கம். ஆண்டு நினைவுக்கும் ஒட்டுவார்கள். வடமேற்கின் சில ஊர்களில் தெருவில் படிக்கக் கிடைக்கும் எழுத்து அதுவாகத்தான் இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பவர் ஒருவரும் இல்லாத கிராமங்கள் நூற்றுக்கும் மேல்.

கொப்ரிவ்ஷ்தித்சாவின் கல்லறையில் திம்சோ தெபெல்யானோவ் என்ற கவிஞரின் சமாதி இருக்கிறது. 1887இல் அந்த ஊரில் பிறந்து, தந்தை இறந்தபின் சிறுவயதிலேயே ஊரை விட்டுப் போனவர். தந்தை வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் பல்கேரியர் அறியாதவர் இல்லை. 1916இல் போர்முனையில் 29 வயதில் இறந்தார். எலும்புகள் 1931இல்தான் ஊர் வந்து சேர்ந்தன. சமாதியின் மேல் சிற்பி இவான் லாசரோவ் வடித்த தாய் அமர்ந்திருக்கிறாள், தலையில் துணி, கையில் தாங்கிய கன்னம், வழியைப் பார்த்தபடி. அவள் யாரோ ஒரு தாய் என்றுதான் வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு கணக்கெடுப்பு வெளியாகும்போதும் தேசம் அழிகிறது என்ற கூக்குரல் எழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரலாற்றை நீளமாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு, பல்கேரியர் போவது புதிய செய்தியாகப் படாது. போனதால்தான் அவர்களுக்குப் பள்ளியும் ஏடும் கழகமும் கிடைத்தன. மாறியது ஒன்றே: பழைய குர்பெத்துக்குத் திமித்ரோவ்தென் என்ற மறுகரை இருந்தது. திரும்பி வரும் நாள் குறிக்கப்பட்டே ஒருவன் கிளம்பினான். கூலியோடு வந்து கூரை வேய்ந்தான், மகளைக் கட்டிக்கொடுத்தான், மறு ஆண்டு மீண்டும் போனான். இப்போது சொல் இருக்கிறது, அந்த நாள் கழன்றுவிட்டது. எல்லைச் சாவடிகள் எதுவும் இன்று திரும்பி வருவதைத் தடுக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து ஷெங்கன் பகுதியில் தரைவழிச் சோதனையும் நீங்கிவிட்டது. திரும்பி வருபவருக்கு ஊரில் மருத்துவமனையும் பிள்ளைக்குப் பள்ளியும் கையூட்டுக் கேட்காத அலுவலகமும் இருந்தால் போதும் என்று அங்கே பலர் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

2020 முதல் சில ஆண்டுகளாக, நாட்டை விட்டுப் போனவர்களைக் காட்டிலும் வந்து குடியேறியவர்களே அதிகம் என்று பல்கேரியப் புள்ளியியல் நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் அயல்நாட்டவர் உண்டு, ஊர் திரும்பிய பல்கேரியரும் உண்டு. பிறப்பை விட இறப்பு மிகுதியாக இருப்பதால் மொத்த எண்ணிக்கை அப்போதும் குறைந்துகொண்டே வந்தது. அழியும் தேசம் என்ற தலைப்பை இனி எங்கேனும் படிக்க நேர்ந்தால், இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படியுங்கள்.